கல்லில் ஏறிய நாற்பத்து மூன்று

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் இரங்கலார். முப்பத்தோரு வருடம் செத்தவர்களைப் பற்றி மட்டுமே எழுதிய மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அரசியல் பக்கத்தில் எழுதி ஆட்சியை ஆட்டிப் பார்க்கும் ஆசையோடுதான் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த முதல் வாரம் ஒரு மருத்துவர் காலமாக, ஆள் கிடைக்காத அவசரத்தில் இவரை எழுதச் சொன்னார்கள். நன்றாக எழுதிவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. அதற்குப் பிறகு ஊரில் யாருக்கு மூச்சு நின்றாலும் ஆசிரியர் இவரைத்தான் தேடினார். நாளடைவில், ஊர்ப் பெரிய மனிதர்கள் இவரைத் தெருவில் பார்த்தால் ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடையைக் கொஞ்சம் எட்டிப் போட ஆரம்பித்தார்கள்.

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகி, அவர் பெயரை அலுவலக வாசல் காவலாளிகூட மறந்துபோன நேரத்தில், மாநகராட்சியிலிருந்து அழைப்பு வந்தது. நகரக் கல்லறைத் தோட்டத்துக்கு நூற்றைம்பது வயது ஆகிறதாம். அங்கே அடக்கமாகியிருக்கும் முக்கியமானவர்கள் நாற்பது பேரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட வேண்டுமாம். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு புகைப்படம், கடைசியில் எந்தக் கல்லறை எங்கே என்று காட்டும் வரைபடம்.

ஆவணப் பிரிவு அதிகாரிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். மேசையில் தூசி இல்லை, பேச்சில் சுற்றி வளைப்பும் இல்லை.

"உங்களை விட்டா யாரு சார் இருக்காங்க? அங்க படுத்திருக்கிறவங்க எல்லாரும் உங்க ஆளுங்கதானே?" என்றார்.

அது பாராட்டா கிண்டலா என்று இரங்கலாருக்குப் பிடிபடவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. இல்லாவிட்டால் அந்த வேலையில் முப்பத்தோரு வருடம் தள்ளியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்தம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் எத்தனை, எப்போது, யார் சொன்னது என்று மூன்று கேள்வி கேட்காமல் விட மாட்டார்.

"நாற்பது பேர்னு யார் முடிவு பண்ணினது?"

"அவங்கதான்."

"நாற்பத்தோராவது ஆளோட குடும்பம் வந்து நின்னா என்ன சொல்லுவீங்க?"

அப்படி யாரும் வர மாட்டார்கள் என்றார் இரங்கலார். மறுநாளே வந்தார்கள். செய்தி எப்படித்தான் கசிந்ததோ, காலை ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. ஒருவர் தன் பாட்டனாரைச் சேர்க்கச் சொன்னார். அந்தத் தெருவில் முதன்முதலில் தொலைபேசி வைத்தவர் அவராம். யாருக்குப் பேசினார் என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டார். வந்தவர் செருப்பைத் தேடினார். இன்னொரு பெண்மணி, தன் மாமனார் பெயரை எந்தக் காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு போனார்.

"இத்தனை வருஷத்துல நம்மளைப் பார்க்க இத்தனை பேர் வந்ததில்லைங்க," என்றார் மனைவி. "உயிரோட இருக்கிறவங்களைப் பத்தி எழுதியிருந்தா அப்பவே ஒருத்தராவது வந்திருப்பாங்களோ என்னவோ."

இரங்கலார் பட்டியலோடு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்தார். நகரத்தின் முதல் மேயருக்கு இரண்டு ஆள் உயரத்தில் கல் நின்றது. மேலே எழுதியிருப்பது காகங்களுக்கு மட்டுமே தெரியும். ஏழு ஊர்ப் போட்டிகளில் தோற்காத மல்யுத்த வீரர், குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தவர், வேலியோரம் கிடந்தார். நாடக நடிகர் ஒருவருக்கு இரண்டு கல்லறை. ஒன்று குடும்பம் கட்டியது, ஒன்று ரசிகர்கள் கட்டியது. எதன் கீழே அவர் இருக்கிறார் என்பது இன்றுவரை தகராறு. அம்மைத் தடுப்பூசியைத் தெருத் தெருவாகக் கொண்டுபோன முதல் பெண் மருத்துவரின் கல்லை மட்டும் யாரோ வாராவாரம் துடைத்து வைத்திருந்தார்கள். முப்பத்தாறாவது இடத்தில், மேற்கு மதிலோரம், குப்பை லாரி ஓட்டுநர் ஒருவர்.

அந்தக் கல்லின் முன் இரங்கலார் நின்றார். 'மாநகராட்சி வாகன ஊழியர். பெருவெள்ளத்தில் நாற்பத்து மூன்று உயிர்களைக் காத்த மாமனிதர்' என்று எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. வாக்கியம் அழகாக இருக்கிறதே என்று நினைத்தார். அடுத்த நொடியே அது தன் வாக்கியம் என்று தெரிந்து, பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம். பக்கம் அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருக்கிறது. லாரி ஓட்டுநர் இறந்த செய்தி வந்தது. அதற்கும் ஏழு வருடம் முன்னால் வந்த வெள்ளத்தில், சந்தைக்குப் பின்னால் இருந்த பள்ளத்துக் குடியிருப்பு முழுகியபோது, அந்த மனிதர் யாரையும் கேட்காமல் குப்பை லாரியைத் தண்ணீருக்குள் இறக்கி ஆட்களை ஏற்றி வந்தார் என்பது ஊரறிந்த கதை. எத்தனை பேர் என்றுதான் யாருக்கும் தெரியாது. இரங்கலார் லாரி நிறுத்துமிடத்துக்குப் போன் செய்தார். எடுத்தவர், "ஏகப்பட்ட பேரு சார்," என்றார். ஏகப்பட்ட என்றால் எத்தனை? "எண்ணிக்கிட்டா இருப்பாங்க?" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

'ஏகப்பட்ட' என்று அச்சில் போட முடியாது. நாற்பது என்று போட்டால் குத்துமதிப்பாகத் தெரியும். ஐம்பது என்றால் பொய் பல்லை இளிக்கும். நாற்பத்து மூன்று என்று போட்டால், யாரோ கரையில் நின்று விரல்விட்டு எண்ணிய மாதிரி இருக்கும். போட்டார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு தேநீர் குடித்தார். அந்தக் குறிப்பை ஓட்டுநரின் மனைவி கத்தரித்துக் கொண்டுபோய்க் கல் வெட்டுபவரிடம் கொடுத்ததோ, அவர் எழுத்து மாறாமல் வெட்டியதோ இவருக்குத் தெரியாது. பத்திரிகையில் போட்ட பொய் மறுநாள் எதையாவது பொட்டலம் கட்டப் போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தொழிலே ஓடுகிறது. கல்லைக் கொண்டு யாரும் பொட்டலம் கட்டுவதில்லை.

அடுத்த வாரம் அதிகாரி பட்டியலைப் பார்த்தார். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே 'ஆதாரம்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தார்.

"முப்பத்தாறுக்கு ஆதாரம் என்ன சார்?"

"கல்லறைக் கல்."

"கல்லுக்கு?"

"பத்திரிகைச் செய்தி."

"செய்திக்கு?"

இரங்கலார் இருமினார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மென்று முழுங்கிவிட்டு எழுந்து வந்தார். வரும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து ஒரு முடிவும் எடுத்தார்: முப்பத்தாறாவது பெயரை எடுத்துவிடுவது. அந்த இடத்தில் தொலைபேசிப் பாட்டனாரைப் போட்டுவிடலாம். ஆதாரத்துக்கு அவர் பேரனே இருக்கிறார். கோழைத்தனத்தை நிதானம் என்று பெயர் மாற்றிக்கொள்ளும் வித்தை அவருக்கு எப்போதும் கைவந்த கலை. இறங்குமிடம் வருவதற்குள் அது நிதானமாகவே ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். விரல் இடுக்கில் சோப்புக்கும் போகாத கறுப்பு. லாரி டயர் கழற்றி மாட்டும் பட்டறை நடத்துகிறவள். ஓட்டுநரின் மகள்.

"மாநகராட்சியில இருந்து போன் பண்ணினாங்க சார். அப்பா போட்டோ கேட்டாங்க," என்று ஒரு உறையை நீட்டினாள். "புத்தகத்துல அப்பா வர்றாருன்னு அம்மாகிட்ட சொன்னேன். ரெண்டு நாளா தூங்கலை."

இரங்கலார் உறையை வாங்கினார். உள்ளே லாரிக்கு முன்னால் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மனிதர். இரங்கலார் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். பட்டறை எப்படிப் போகிறது என்று கேட்டார். டயர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை, அவை உருண்டை என்பதை, வேறு வார்த்தைகளில் சொன்னார். உள்ளேயிருந்து மனைவி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே கதை முழுவதும் அந்தம்மாவின் காதுக்குப் போயிருந்தது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவரே சொன்னார். அரை மணி நேர அவசரத்தையும், போனில் கிடைத்த 'ஏகப்பட்ட'வையும், நாற்பத்து மூன்று பிறந்த விதத்தையும் சொன்னார். சொல்லும்போது, இதைவிட நல்ல வாக்கியங்களில் சொல்லியிருக்கலாமே என்று மனதின் ஒரு மூலை திருத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மூலையை அவரே வெறுத்தார்.

அந்தப் பெண் அவர் கையிலிருந்த போட்டோவை வாங்கி மேசை மேல் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எத்தனை பேரு?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா? நாலா? நானூறா?"

"தெரியாது."

"என் தம்பி பள்ளிக்கூடத்துல நாற்பத்து மூணுன்னு பேசிக் கைதட்டு வாங்கினான். அம்மா யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்லும். நாங்க யாராவது எண்ணினோமா? பத்திரிகைக்காரங்க விசாரிச்சுத்தான் போட்டிருப்பாங்கன்னு நினைச்சோம்." எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை, அதுதான் இரங்கலாருக்குக் கஷ்டமாக இருந்தது. "பேரை எடுத்துடலாம்னு பார்த்தீங்களா?"

பொய் சொல்ல வாய் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது. "ஆமாம்மா," என்றார்.

"எடுக்காதீங்க. எண்ணித் தாங்க. அன்னிக்கு எண்ணாம விட்டதை இன்னிக்காவது எண்ணித் தாங்க."

போட்டோவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதிகாரியிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டபோது அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் ஒரு காகிதத்தை இழுத்து அறிவிப்பு எழுத ஆரம்பித்தார். வெள்ளத்தன்று குப்பை லாரியில் ஏறித் தப்பியவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்கு வரவும். அறிவிப்பு இரங்கலாரின் பழைய பத்திரிகையிலேயே வந்தது. இரங்கல் பக்கத்தில்தான் இடம் கிடைத்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கே இரங்கலார் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, சுவரில் கல்லறை எண்கள் எழுதிய பெரிய தாள். மனைவியும் கூட வந்தார். "உங்களுக்குக் கணக்கு வராதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நான் எழுதறேன்," என்று கோடு போட்ட நோட்டு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டார். பெயர், எந்தத் தெரு, லாரியின் எத்தனையாவது நடையில் ஏறினார், கூட ஏறியவர் யார். ஓட்டுநரின் மகள் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதிகாரி அவள் பக்கத்தில்.

எட்டுப் பேர் வந்தால் அதிகம் என்று இரங்கலார் உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தார். ஒன்பதரை வரை வந்தது ஒரே ஒருவர். அவரும் தன் மைத்துனரின் கல்லறைக்கு வழி கேட்க வந்தவர். கல்லில் இருக்கும் மாமனிதரை ஒரே காலையில் பொய்யர் ஆக்கிவிட்டோமே என்று, அந்தப் பெண் நின்ற பக்கம் திரும்பாமல் இரங்கலார் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு ஒரு முதியவரும் அவர் இரண்டு மகன்களும் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே ஒரு பெண்மணி, ஊன்றுகோலோடு. அப்புறம் ஒரு குடும்பமே வேனில் வந்து இறங்கியது. பதினொரு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி, மேயரின் உயரக் கல்வரை போயிருந்தது.

"நான் மூணாவது நடை," என்றார் ஒருவர். "தையல் மெஷினை ஏத்தணும்னு அடம் பிடிச்சேன். அவர் திட்டின திட்டு இருக்கே, என் அப்பன்கூட அப்படித் திட்டினதில்லை. மெஷின் போச்சு. நான் இருக்கேன்."

"நாத்தம் தாங்கலைங்க," என்றார் ஊன்றுகோல் பெண்மணி. "மூக்கைப் பொத்திக்கிட்டே ஏறினேன். இப்பவும் குப்பை வண்டி போனா நான் மட்டும் மூக்கைப் பொத்த மாட்டேன்."

மனைவி ஒருவரையும் எளிதில் விடவில்லை. ஒரே அம்மாவை இரண்டு சகோதரர்கள் தனித்தனியாக எழுதவைத்ததைக் கண்டுபிடித்து ஒன்றை அடித்தார். ஒருவரை நாலு கேள்வி கேட்டதும், தான் ஏறவில்லை, மொட்டை மாடியிலிருந்து பார்த்தது மட்டும்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். "பார்த்தவங்களுக்கு வேற பக்கம் இருக்கு," என்று அவரையும் எழுதிக்கொண்டார்.

மூன்று மணி வாக்கில், நரைத்த மீசையோடு ஒரு மனிதர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். அதே லாரியில் உதவியாளாக ஓடியவர். அன்று பின்னால் நின்று ஆட்களைக் கை கொடுத்துத் தூக்கியவர்.

"எத்தனை பேருன்னு உங்களுக்காவது தெரியுமாங்க?" என்று கேட்டார் இரங்கலார். "அவர் எண்ணவே இல்லையாமே."

"எண்ணலைன்னு யாரு சொன்னா?" அந்த மனிதர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே நிற்பது யார் என்று தெரிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏத்தினவங்களைத்தான் எண்ணலை. கடைசிக்கு முந்தின நடையில, சுவர் மேல உட்கார்ந்திருந்தவங்க நாலு பேரு. இதோ வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போயிருந்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தா சுவரே இல்லை. அந்த நாலு பேரைத்தான் எண்ணிக்கிட்டே இருந்தாரு. சாகிற வரைக்கும். யாராவது வந்து எத்தனை பேரைக் காப்பாத்தினீங்கன்னு கேட்டா எழுந்து போயிடுவாரு."

மனைவி பேனாவை மூடி வைத்தார். ஜன்னலோரம் நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா வீட்டில் ஏன் அந்த நாளைப் பற்றி வாயைத் திறந்ததில்லை என்று அவளுக்கு இன்றுதான் தெரிகிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தன்னை மெச்சிக் குடித்த தேநீர் இரங்கலாருக்கு நினைவு வந்தது. ஒரு மனிதன் நாலு வரை எண்ணிவிட்டு நகர முடியாமல் வாழ்ந்திருக்கிறான். அவன் செத்த அன்றைக்கு இவர் உட்கார்ந்து, எந்த எண் காதுக்கு நன்றாக இருக்கும் என்று பார்த்திருக்கிறார்.

வெளியே போய், மல்யுத்த வீரரின் கல் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு உள்ளே வந்து, மிச்சமிருந்த ஐந்து பேருக்கும் அவரே நாற்காலி இழுத்துப் போட்டார்.

நாலரைக்கு மனைவி கூட்டல் போட்டார். "இன்னிக்கு நேர்ல வந்தவங்க முப்பத்தெட்டு. அவங்களோட ஏறி, இப்ப இல்லாதவங்க, ஊர் மாறிப் போனவங்க இருபத்தாறு. ஆக அறுபத்து நாலு. ரெண்டு பேரை நான் நம்பலை, சேர்க்கலை."

அதிகாரி 'ஆதாரம்' கட்டத்தில் நோட்டின் பக்க எண்களை எழுதிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி மெதுவாகச் சொன்னார்: "பொய்தான் சொல்றதுன்னு ஆயிடுச்சு. அதையாவது தாராளமா சொல்லியிருக்கக் கூடாதா? இருபத்தோரு பேரை நடுத்தண்ணியில விட்டுட்டீங்களே."

சொன்ன பொய்யே குறைந்துபோன ஒரே பத்திரிகைக்காரன் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது, இரங்கலாருக்குச் சிரிப்பும் வந்தது, அடக்கவும் வேண்டியிருந்தது.

பழைய பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதி எடுத்துக்கொண்டு போனார். புது ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின செய்திக்கா சார்? யார் கவனிக்கப் போறாங்க?" என்றார். "நான் கவனிச்சிட்டேனே," என்றார் இரங்கலார். மூன்று நாள் அலைந்த பிறகு ஓரத்தில் நாலு வரி வந்தது. அவர் வாழ்நாளில் எழுதிய மிக மோசமான நாலு வரி அது, அலங்காரமே இல்லை.

பாக்கி இருந்தது கல். ஓட்டுநரின் மகளும் இரங்கலாரும் கல் வெட்டுபவரைக் கூட்டிக்கொண்டு மேற்கு மதிலோரம் போனார்கள். அவர் கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் சுரண்டினா பிளந்துடும். ரொம்ப ஆழமா வெட்டியிருக்கு. பிடுங்கித் திருப்பி நட்டுட்டு, பின்பக்கம் புதுசா வெட்டலாம். அறுபத்து நாலுன்னு போட்டுடவா?"

இரங்கலார் அவளைப் பார்த்தார். அவள் தலையை இடவலமாக ஆட்டினாள்.

"நம்பரே வேண்டாம். புத்தகத்துல இருந்தா போதும்." கொஞ்சம் யோசித்தாள். "இதுல என்னமோ வாகன ஊழியர்னு போட்டிருக்கு. அதுவும் நீங்க எழுதினதுதானா சார்?"

"நான்தாம்மா. குப்பைன்னு போட்டா மரியாதையா இருக்காதேன்னு..."

"அப்பா குப்பை லாரிதான் ஓட்டினாரு. வேற லாரியா இருந்திருந்தா அந்தத் தண்ணியில இறக்க முதலாளி விட்டிருப்பானா?" கல் வெட்டுபவர் பக்கம் திரும்பினாள். "குப்பை லாரி ஓட்டுநர். அவ்வளவுதான். பெரிசா வெட்டுங்க."

அப்படியே வெட்டப்பட்டது. இரங்கலாரின் அழகான வாக்கியம் இப்போது மதிலைப் பார்த்து நிற்கிறது. முப்பத்தோரு வருட எழுத்தில் கல்லில் ஏறியது அது ஒன்றுதான்.

புத்தக வெளியீடு கல்லறைத் தோட்டத்திலேயே, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. மேயர் பேசினார். நாற்பது பேரையும் வாழ்த்தி, குப்பை லாரி ஓட்டுநர் நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார் என்றார். மனைவி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இரங்கலார் கையைப் பிடித்து உட்காரவைத்தார். முன் வரிசையில் ஓட்டுநரின் மனைவி புத்தகத்தைப் பிரித்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மடியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் பட்டறை உடையிலேயே வந்திருந்தாள்.

கூட்டம் கலைந்தபோது இரங்கலார் ஒதுங்கி மேற்கு மதில் பக்கம் போனார். அங்கே பெஞ்சில் அந்த ஊன்றுகோல் பெண்மணி உட்கார்ந்திருந்தார். எங்கேயோ பார்த்த முகம்போல இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும் நம்ம லாரிதானா? எத்தனையாவது நடை?"

"இல்லைங்க," என்றார் இரங்கலார். "நான் அன்னிக்குப் பத்திரிகை ஆபீஸ் மூணாவது மாடியில இருந்தேன். வெள்ளத்துல செத்தவங்களைப் பத்தி எழுதிக்கிட்டு."

"நனையலையா?"

"நனையலை."

பெண்மணி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

"பரவாயில்லை, உட்காருங்க," என்றார்.